குளிர் விடாத பாட்டில்

ஐஸக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்தவள் நான்தான். அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. எங்கள் கருத்தரிப்பு மருத்துவமனையில் நான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். சுவருக்கு அந்தப் பக்கம் ஆய்வகம். பெண்களின் கருமுட்டையையும் ஆண்களின் விந்தணுவையும் உறைய வைத்துப் பாதுகாப்பது அவள் வேலை. நடுவில் ஒரு சின்ன ஜன்னல். டாக்டர் ஊசியால் உறிஞ்சி எடுப்பதைக் குழாயோடு நான் நீட்டுவேன், அவள் வாங்கிக்கொள்வாள். பதினெட்டு வருஷம் அந்த ஜன்னல் வழியாகத்தான் பேசினோம், சண்டை போட்டோம், சமாதானம் ஆனோம். என்னைவிட நாலு வயது சின்னவள். ஆனாலும் எல்லாருக்கும் அக்கா, எனக்கும் அக்கா.

பெயரைக் கேட்டதும் முகத்தைச் சுளித்தாள். "ஐஸ்தான் எனக்குப் பரம எதிரி. போயும் போயும் அந்தப் பேரா கிடைச்சது உங்களுக்கு?" உறைய வைக்கிறவளுக்கு ஐஸ் எப்படி எதிரி என்று வாயை விட்டேன். டீ ஆறி ஆடை கட்டும்வரை விளக்கினாள். முட்டைக்குள் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். அப்படியே குளிரில் போட்டால் அது ஊசி ஊசியாகக் கட்டிக்கொண்டு முட்டையை உள்ளேயிருந்தே கிழித்துவிடும். அதனால் முதலில் முட்டையை மருந்துக் கரைசலில் வைத்து அந்தத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும், பிறகுதான் திரவ நைட்ரஜனில் முக்கி உறைய வைப்பது. அது வெளியேற முட்டையின் தோலிலேயே வாசல்கள் உண்டாம், புரதத்தால் ஆனவை. அவளுடைய மைக்ராஸ்கோப்பில்கூட அவை தெரியாது.

"ஒண்ணு பின்னாடி ஒண்ணா, வரிசையிலதான் தண்ணி வெளிய வரும்" என்றாள். "விந்தணு சின்னது, சட்டுனு காலியாயிடும். முட்டை பெரிய வீடு, வாசல் பத்தாது. நாமதான் பொறுமையா இருக்கணும்."

அவள் பொறுமையால் எங்கள் பொறுமை போனது வேறு கதை. கரைசல் பாட்டில்கள் ஃப்ரிட்ஜில் இருக்கும். வேலைக்கு முன் அவற்றை வெளியே எடுத்து மேசையில் வைத்து, அறையின் சூட்டுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். ஜில்லென்று இருந்தால் தோல் வழியாகத் தண்ணீர் மெதுவாகத்தான் நகரும், நிமிஷக் கணக்கு தப்பிவிடும். அவள் பாட்டிலை மணிக்கட்டின் உள்பக்கம் வைத்து வைத்துப் பார்ப்பாள். டாக்டர் ஜன்னலுக்கு வந்து "ஆச்சா?" என்பார். "இன்னும் ஆகல" என்பாள். அவர் கோபத்தில் காலைத் தரையில் உதைத்துவிட்டுப் போவார், நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பேன். அப்பேர்ப்பட்டவள்தான் அந்த ஒரு நாள் தவறினாள்.

அவளுக்கு ஒரே தங்கை. அம்மா போனபோது தங்கைக்கு ஆறு வயது, இவளுக்குப் பதினெட்டு. தலை பின்னிவிட்டதிலிருந்து டிரைவிங் லைசென்ஸ் எடுக்கக் கூட்டிப்போனதுவரை எல்லாம் இவள்தான். தங்கை பள்ளிக்கூட வேன் ஓட்டினாள். இருபது பிள்ளைகளை அதட்டியே ஏற்றி இறக்குவாள், அத்தனை பிள்ளைகளும் அவள்மேல் உயிரையே வைத்திருந்தார்கள். "எனக்கு நாலு வேணும்க்கா, ஒரு சீட்டு முழுக்க" என்று சொல்வாளாம்.

இருபத்தொன்பது வயதில் அவளுக்கு மார்பில் கட்டி. அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். அடுத்து ஏற்றப்போகும் மருந்து கருப்பையை ஒட்டிய முட்டைப்பைகளையும் சேர்த்து அழித்துவிடும் என்றார்கள். அதற்குள் முட்டைகளை எடுத்து வைத்துவிட வேண்டும். பிற்பாடு அவளுக்கென்று ஒரு குழந்தை வேண்டுமானால் அது ஒன்றுதான் வழி. ஆய்வகத்தின் தலைவர், "சொந்தக்காரங்க வேலையை நீங்க செய்யாதீங்கம்மா, நான் பண்றேன்" என்று நல்லபடியாகத்தான் சொன்னார். ஐஸக்கா கேட்கவில்லை.

ஏழு முட்டைகள் கிடைத்தன. அன்று காலையில் வேறொருவருக்காகத் திறந்த பாட்டில் மேசையில் இருந்தது. நன்றாகக் குளிர் விட்டிருந்தது, கரைசலும் போதுமான அளவு இருந்தது. ஐஸக்கா அதைப் பார்த்தாள். பிறகு ஃப்ரிட்ஜைத் திறந்து, முத்திரை பிரிக்காத புதிய பாட்டிலை எடுத்தாள். தன் தங்கைக்குப் போய் இன்னொருத்திக்குத் திறந்ததையா என்று நினைத்திருக்கிறாள். பாசம் அன்றி வேறு காரணம் ஒன்றும் கிடையாது. பத்து நிமிஷம் வைத்திருப்பாள், அவ்வளவுதான். பாட்டிலின் வெளிப்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தது. ஜன்னலில் நின்ற நான் அதைப் பார்த்தேன். அவளுக்குத் தெரியாததா என்று எண்ணிக்கொண்டு, தங்கையை ஸ்ட்ரெச்சருக்கு மாற்றப் போய்விட்டேன்.

மறுநாள் உடை மாற்றும் அறையில் என் கையைப் பிடித்தாள்.

"பாட்டில் குளிர் விடல. முட்டை சுருங்கற வேகம் எனக்கு அத்துப்படி. நேத்து அப்படிச் சுருங்கல. கண்ணால பாத்தேன். ஆனா நிமிஷம் முடிஞ்சதும் கை பழக்கத்துல தானா எடுத்து நைட்ரஜன்ல முக்கிடுச்சு."

"மனசைப் போட்டு உழப்பிக்காத. ஒண்ணும் ஆகியிருக்காது."

"ஒண்ணை மட்டும் உருக்கிப் பாத்துடட்டுமா?"

"இருக்கறதே ஏழு. அதுல ஒண்ணைச் சோதனைக்குக் கொடுப்பியா? பைத்தியமா உனக்கு?" என்று அதட்டினேன். அவள் அடங்கிப்போனாள்.

அடுத்த வாரம் தங்கைக்கு மார்பில் தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்தது. புண் ஆறாமல் மருந்து ஏற்ற முடியாது, மூன்று வாரம் தள்ளிப்போட்டார்கள். மறுபடி ஊசி போட்டு இன்னொரு தடவை முட்டை எடுக்க இரண்டு வாரம் போதும். ஐஸக்கா மூச்சிரைக்க மாடிப்படி ஏறி வந்தாள். "கடவுளாப் பாத்துக் கொடுத்த மூணு வாரம். அவகிட்டச் சொல்லிடறேன், திரும்ப எடுத்துடலாம்" என்றாள்.

நான் தடுத்தேன். அதைத்தான் இங்கே எழுத உட்கார்ந்தேன், சுற்றி வளைத்து என்ன பயன். "அந்தப் பொண்ணு இப்பதான் ரெண்டு வாய் சாப்பிட்டுச் சிரிக்குது. அது வயித்துல போய்ப் புளியைக் கரைக்காத. உன் சந்தேகத்துக்காக அவளை இன்னொரு தடவை குத்தணுமா?" என்றேன். அக்கறையில் சொன்னதுதான். ஆனால் விஷயம் வெளியே வந்தால், பார்த்துக்கொண்டு நின்றவள் யார் என்று என்னையும் விசாரிப்பார்கள் என்ற பயமும் இருந்தது. அதை அன்று எனக்கு நானே ஒத்துக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலம் தங்கை கட்டிலில் சாய்ந்தபடி ஐஸக்காவிடம் கேட்டாள். "என் ஏழும் பத்திரமா இருக்காக்கா?"

"பத்திரமா இருக்கு."

பிறகு ஐந்து வருஷம். தங்கை மொட்டைத் தலையோடு படுத்துக் கிடந்தாள், எழுந்தாள், முடி சுருளாக முளைத்தது, மறுபடி வேன் ஏறினாள். ஒரு எலக்ட்ரீஷியனைக் கட்டிக்கொண்டாள். எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு கட்டிய தங்கமான பையன். ஐஸக்காதான் ஆளே கரைந்துபோனாள். முட்டைகள் இருக்கும் தொட்டியில் நைட்ரஜன் மட்டம் பார்ப்பது வேறொருத்தி பொறுப்பு. ஆனாலும் தினமும் இவள் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். தன் இரண்டு பெண்கள் பரிசு வாங்கினால்கூடத் தங்கையிடம் சொல்லக் கூச்சப்படுவாள். நான் கேலி செய்தால் முன்போல் திருப்பிக் கொடுப்பதில்லை. எனக்கு எரிச்சலாக வரும். விஷயம் தெரிந்த எனக்கே எரிச்சல் வந்தது என்றால் பாருங்கள்.

உருக்குகிற நாள் வந்தது. இந்த முறை தலைவரையே செய்யச் சொல்லிவிட்டு இவள் பின்னால் நின்றாள். மைக்ராஸ்கோப்போடு இணைத்த திரையை ஜன்னல் வழியாக நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். உருக்கும்போது போன தண்ணீர் மறுபடி அதே வாசல்கள் வழியாக உள்ளே வரும், சுருங்கிய முட்டை உருண்டு திரண்டு வர வேண்டும். முதல் முட்டை கறுத்துத் தட்டையானது. இரண்டாவதும். ஐந்தாவது கொஞ்சம் உருண்டு வந்து எங்களை ஏமாற்றியது. உள்ளே உடைந்த தோல் எதையும் நிறுத்தி வைக்காது. ஏழாவது முடிந்ததும் தலைவர் கையுறையைக் கழற்றிவிட்டு, "சில சமயம் இப்படி ஆகறதுதாம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவள் தப்பித்திருக்கலாம். யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்.

அவள் நேரே தங்கை உட்கார்ந்திருந்த அறைக்குப் போனாள். மாப்பிள்ளை வேனை நிறுத்திவிட்டு வர இன்னும் நேரம் இருந்தது. நான் தண்ணீர் ஜாடியோடு பின்னால் போய் வாசலிலேயே நின்றுவிட்டேன். பாட்டிலைப் பற்றி, வேகம் குறைந்ததைப் பற்றி, ஒன்றுவிடாமல் சொன்னாள். தங்கை அழவில்லை. விரலால் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"தப்பு யாருக்கும் வரும்க்கா. அதை விடு. உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே சந்தேகம்."

"அதுக்கப்புறம் மூணு வாரம் சும்மாதானே படுத்திருந்தேன்."

"ஆமா."

"நான் கேட்டேனே. பத்திரமா இருக்குன்னு சொன்னியே."

"சொன்னேன்."

"வேற யாருக்காவது தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும்தான்" என்றாள் ஐஸக்கா. என் பக்கம் அவள் திரும்பக்கூட இல்லை. ஜாடியை அருகிலிருந்த நாற்காலியில் வைத்துவிட்டு நான் வெளியே வந்துவிட்டேன்.

அந்த மாதமே வேலையை விட்டாள். இப்போது வீட்டிலேயே இருக்கிறாள், பெண்கள் கேட்டால் பேசுவாள். நான் போனால் டீ போட்டுக் கொடுப்பாள், அந்தப் பேச்சை மட்டும் எடுக்க மாட்டாள். தங்கை அவளுடைய ஃபோனை எடுப்பதே இல்லை, மூன்று வருஷமாக. எனக்குத்தான் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஃபோன் பண்ணுகிறாள். போன வாரமும் பேசினாள்.

"கூடப்பிறந்தவளே மறைச்சிட்டாக்கா. உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா நீங்க என்கிட்டச் சொல்லியிருப்பீங்க, இல்ல?"

"சொல்லியிருப்பேம்மா" என்றேன்.