பிள்ளைக்கு எந்த வகுப்பு வேண்டுமாம்?

பாடம் நடத்துவது ஒரு தொழில் என்றால், என்ன பாடம் வேண்டும் என்பதைப் பிள்ளைகளின் வாயிலிருந்து வரவழைப்பது வேறு தொழில். நான் பார்ப்பது இரண்டாவது. பர்மாவில், தாமுவே சந்தையை ஒட்டி இருக்கிற ஒரு தனியார் கல்லூரியில் சேர்க்கைப் பிரிவில் வேலை. பெயர் சரோஜா. பிள்ளைகள் எல்லோரும் என்னை 'சயாமா' என்பார்கள், அதாவது டீச்சரம்மா. நான் ஒருநாள்கூட சாக்பீஸ் பிடித்தவள் இல்லை என்று சொன்னாலும் யாரும் கேட்பதில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மூன்று நாள் அறிமுகக் கூட்டம் நடக்கும். அது முடிவதற்குள் முதல் பருவத்துக்கான வகுப்புகளைப் பதிந்துவிட வேண்டும். ஆங்கிலமும் கணினியும் எல்லோருக்கும் உண்டு. மிச்சம் இரண்டு அவரவர் விருப்பம். அந்த விருப்பம் என்ற இடத்தில்தான் வண்டி படுத்துவிடும். பள்ளி இறுதித் தேர்வில் வாங்கிய மார்க்கு இழுத்த பக்கம் போவதுதான் இங்கே வழக்கம். 'உனக்கு என்ன வேணும்' என்று அந்தப் பிள்ளைகளிடம் வாழ்க்கையிலேயே முதல்முறையாகக் கேட்கிற ஆள் நான். ஜவுளிக்கடையிலோ மருந்துக்கடையிலோ நின்று, என்ன வேண்டும் என்று கேட்டு, வந்தவர் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிற வேதனையை அனுபவித்தவரா நீங்கள்? அப்படியானால் நாம் சொந்தக்காரர்கள். இந்த வருஷத்துக் கதையைக் கேளுங்கள்.

நாற்காலியைச் சுற்றி ஐந்து பேர்

முதல் நாள் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவனுக்குப் பதிவேட்டில் பர்மியப் பெயர், நே லின். தின்கன்ஜூனிலிருந்து வருகிற தமிழ்ப் பையன், வீட்டில் கூப்பிடுவது சரவணன். அவன் நாற்காலியைச் சுற்றி அம்மா, அப்பா, மாமா, மாமி, பக்கத்து வீட்டு பர்மாக்காரம்மா. என்ன வகுப்பு வேண்டும் என்று அவனைக் கேட்டேன். அம்மா பார்வதி அக்கா, "கட்டட வரைபடம் போடுங்க. கம்ப்யூட்டர்ல வீட்டுப் படம் போடுறதாமே, நல்ல வேலையாம்" என்றார். மாமா கணக்கியல் என்றார். பக்கத்து வீட்டம்மா சிங்கப்பூரில் இருக்கும் தன் மகளைப் பற்றி ஆரம்பித்தார்.

எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி. "படிக்கப்போறது அவன். இனிமே அவன் மட்டும்தான் பேசணும்" என்றேன். பையன் மேசையைப் பார்த்தான், மின்விசிறியைப் பார்த்தான். கடைசியில் பின்னால் திரும்பி, ரொம்ப அக்கறையாகக் கேட்டான்: "அம்மா, எனக்கு எதும்மா புடிக்கும்?"

டாலாவிலிருந்து வந்த பெண்

அன்றே பதினொரு மணி வாக்கில் ஒரு பெண் தன் அப்பாவோடு வந்தாள். கங்கா. ஆற்றுக்கு அந்தப் பக்கம் டாலாவில் வீடு. அப்பா அங்கே படகுத் துறையில் சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா மிதிக்கிறவர். நல்ல மார்க்கு வாங்கியதால் கல்லூரி அவளுக்கு இலவசமாக இடம் கொடுத்திருந்தது. மனிதருக்கு நாற்காலியில் முழுசாக உட்காரவே மனசு வரவில்லை. மகளைப் பற்றிக் கேட்டால் மட்டும் வாய் நிற்காது. "மழைக்காலத்துல எங்க பக்கம் வீட்டுக்குள்ள தண்ணி ஏறிடும்மா. எவ்வளவு உசரத்துல கால் நட்டு எப்படி வீடு கட்டுனா ஏறாதுன்னு இவ படம் படமாப் போட்டு வெச்சிருக்கா. எங்க தெருவுல ரெண்டு வீடு இவ படத்தைப் பாத்துத்தான் கட்டுனாங்க" என்றார்.

பிறகென்ன, கட்டட வரைபடம்தானே என்று நான் பட்டியலைத் திருப்பினேன். அங்கேதான் சிக்கல். அந்த வகுப்பு பிற்பகலில் மட்டும்தான், முடிய ஐந்து மணி ஆகும். கணினிகள் குறைவு என்பதால் இடமும் குறைவு. முதல் பருவத்தில் சேராவிட்டால் அந்த வழியே அடைபட்டுவிடும், பாதியில் ஏற முடியாது. இதையெல்லாம் சொன்னேன். ஐந்து மணிக்கு முடிந்து, நெரிசலில் பஸ் பிடித்து, இருட்டில் ஆற்றைக் கடப்பதா என்று அப்பா முகம் சுருங்கியது. காலை வகுப்பாகப் போடச் சொன்னார். நான் கங்காவைப் பார்த்தேன். அவள் "யபாடெ" என்றாள். பரவாயில்லை, ஆகட்டும் என்று இந்த ஊர் முழுக்கச் சொல்கிற சொல். புள்ளியியலும் சந்தைப்படுத்தலும் பதிந்தேன். மூன்றாம் நாள் மாலைவரை மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொல்லி வைத்தேன். எழுந்து போகும்போது அப்பா எனக்கு ஆறுதல் சொன்னார்: "எம்பொண்ணு தங்கம்மா. இதுவரைக்கும் வாயைத் திறந்து ஒண்ணு வேணும்னு கேட்டதே கிடையாது."

எந்த அறை?

இடையில் ஒரு புத்திசாலியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மத்தியானம் வந்த ஒரு பையன் ஆசிரியர் யார், பாடம் என்ன என்று ஒன்றும் கேட்கவில்லை. மின்சாரம் போனால் ஜெனரேட்டர் எந்தெந்த அறைக்கு ஓடும் என்று மட்டும் கேட்டான். இரண்டாம் மாடியில் மேற்குப் பக்கம் என்றேன். அந்தப் பக்கம் நடக்கிற வகுப்புகளில் இரண்டைப் பதிந்துகொண்டான். ஒன்று உளவியல், மற்றது ஏற்றுமதிச் சட்டம். இரண்டுக்கும் என்னப்பா சம்பந்தம் என்று கேட்டதற்கு நிதானமாகப் பதில் வந்தது: "பாடம் கஷ்டமா இருந்தா டியூஷன் வெச்சுக்கலாம் சயாமா. ஃபேன் காத்துக்கு டியூஷன் கிடையாதே."

நல்ல நேரம்

இரண்டாம் நாள் காலை பார்வதி அக்கா மகனோடு மறுபடி வந்தார். முதல் நாள் ஐந்து பேரும் சேர்ந்து முடிவெடுக்க முடியாமல் எழுந்து போயிருந்தார்கள். இப்போது முடிவாகிவிட்டது, கட்டட வரைபடம். ஆனால் பர்மிய ஜோசியர் பிறந்த கிழமையைப் பார்த்து ஒரு நேரம் குறித்துக் கொடுத்திருக்கிறாராம். அதற்கு இன்னும் கால் மணி இருந்தது. "இப்ப அமுக்கிடாதீங்க, நேரம் வரட்டும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். வரைபட வகுப்பில் ஒரே ஒரு இடம்தான் பாக்கி. வரிசை வாசல்வரை நின்றது. சரவணன் கைபேசியில் மணி பார்க்க, அம்மா அந்தக் கைபேசியை எட்டிப் பார்க்க, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நேரம் வந்தது. பொத்தானை அமுக்கினேன். மின்சாரமும் அதே நொடியில் போனது. பக்கத்து மேசை கோ சோ மின்னின் கணினிக்கு பேட்டரி இருந்ததால் அவர் பாட்டுக்குத் தன் முன்னால் இருந்த பெண்ணை அந்தக் கடைசி இடத்தில் பதிந்துவிட்டார். என் திரை உயிர் பெற்றபோது வகுப்பு நிரம்பியிருந்தது. பார்வதி அக்கா அழுதுவிடுவார் என்று பயந்தேன். அவர் முகம் தெளிந்து போய்ச் சொன்னார்: "சரியா குறிச்ச நேரத்துல கரண்டு போச்சு பாத்தீங்களா? இந்த வகுப்பு இவனுக்கு ஆகாதுன்னு தெய்வமே சொல்லிடுச்சு!"

தூணோரமாக நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் கங்கா. கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்து, வரைபட வகுப்பில் இனிமேல் யாராவது விலகுவார்களா என்று கேட்டாள். உனக்கு வேண்டுமா என்று கேட்டதும் பின்வாங்கிவிட்டாள். பிள்ளை பர்மியில் சொன்னது இவ்வளவுதான்: "சும்மா கேட்டேன் சயாமா."

ஐந்து தோழிகள்

இந்த ஊரில் 'ஆனாடெ' என்று ஒன்று உண்டு. நம்மால் அடுத்தவர் மனம் சங்கடப்பட்டுவிடக்கூடாதே என்கிற கூச்சம். பர்மாக்காரர்களிடமிருந்து இங்கே இருக்கிற தமிழர்களுக்கும் தொற்றி, இப்போது யாருக்கு அதிகம் என்று சொல்ல முடியாது. தாமுவேயில் ஒரே பள்ளியில் படித்த ஐந்து பெண்கள் கைகோத்துக்கொண்டு வந்து, ஐந்து பேருக்கும் புள்ளியியல் வேண்டும் என்றார்கள். கணக்கென்றால் காத தூரம் ஓடுகிற முகம் எனக்குத் தெரியும். அங்கே ஐந்து இருந்தது. ஒவ்வொருத்தியாகத் தனியே கூப்பிட்டு விசாரித்தேன். ஐந்து பேரும் ஒரே வாக்குமூலம்: எனக்குப் பிடிக்காது, மற்ற நாலு பேருக்கும் ஆசை, எப்படி மாட்டேன் என்பது?

எல்லோரையும் மறுபடி ஒன்றாக நிறுத்தி, முதலில் புள்ளியியல் என்று சொன்னது யார் என்று கேட்டேன். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். அவர்களில் குள்ளமான பெண், பக்கத்து மேசைக்குக் கேட்காதபடி மெல்லச் சொன்னாள்: "கோ சோ மின் சார்தான், பதியறது எப்படின்னு காட்டுறதுக்கு உதாரணமாச் சொன்னாரு. மாத்திக் கேட்டா அவரு மனசு கஷ்டப்படுமே, சயாமா."

ஒரே ஓர் இடம்

மூன்றாம் நாள் மாலை, பதிவு முடிய அரைமணி இருக்கும்போது, வரைபட வகுப்பில் சேர்ந்திருந்த ஒரு மாணவி மாண்டலேக்குப் போவதாக விலகிவிட்டாள். ஒரு இடம் காலி. கங்காவை நான் கூப்பிட்டு முடிப்பதற்குள் பார்வதி அக்கா மகனைத் தள்ளிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். தெய்வம் மனசு மாறிவிட்டதாம், ஜோசியர் இன்றைக்கு முழு நாளும் நல்ல நாள் என்றாராம். பின்னால் கங்காவும் அவள் அப்பாவும். மூன்று நாளாகக் காலைச் சவாரியை விட்டுவிட்டு மகளோடு வந்துகொண்டிருந்த மனிதர். பார்வதி அக்கா கெட்டவர் இல்லை. திரும்பிப் பார்த்து, "நீயும் இதுக்குத்தான் நிக்கிறியாம்மா?" என்று கேட்டார். கங்கா தலையைக் குனிந்துகொண்டு, "யபாடெ அக்கா, தம்பிக்கே குடுங்க" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். மேசையைத் தட்டினேன், பேனா உருண்டு கீழே விழுந்தது. "இந்தப் பட்டியல்ல யபாடென்னு ஒரு பாடம் கிடையாது! உனக்கு என்ன வேணும்? அதை மட்டும் சொல்லு" என்று கத்திவிட்டேன். கோ சோ மின் எழுந்து நின்றுவிட்டார். என்னோடு மூன்று நாளும் பர்மியிலேயே பேசிய கங்கா, அப்பாவைப் பார்த்துத் தமிழில் சொன்னாள், "எனக்கு இதுதான் வேணும்ப்பா." சொன்ன பிறகு, ஏதோ கண்ணாடியை உடைத்துவிட்டவள் மாதிரி விழித்தாள். பார்வதி அக்காதான் முதலில் அசைந்தார். மகன் தோளைத் தட்டி, "எந்திரிடா. உனக்கு எது வேணும்னு நீ வீட்டுக்குப் போய் யோசி" என்றார். ஒரு பையன் அவ்வளவு நிம்மதியாக நாற்காலியை விட்டு எழுந்து நான் பார்த்ததில்லை.

கங்கா உட்கார்ந்தாள். என் விரல் பொத்தான் மேல் இருந்தது, ஆனால் அப்பா சம்மதம் சொல்லவில்லையே. அவர் ஜன்னல் வழியாக வெளியே இறங்கிக்கொண்டிருந்த வெயிலைப் பார்த்தார். ஆறும் இருட்டும் பஸ்ஸும் அவர் கண்ணுக்குள் ஓடியிருக்க வேண்டும். பிறகு என் பக்கம் திரும்பி, அமுக்குங்கள் என்று தலையை ஆட்டினார். அமுக்கினேன், இந்த முறை மின்சாரம் இருந்தது. கண்ணைத் துடைக்க எனக்கு முந்தானை கிடைக்கவில்லை, இந்த ஊர்ப் பெண்களைப் போல லுங்கி கட்டியிருந்தேன். அந்த மனிதர் மகள் தலையில் கையை வைத்து, கோபமா சந்தோஷமா என்று பிடிபடாத குரலில் சொன்னார்: "எந்த போட்டுல வந்தாலும் சரி, நான் கரையில சைக்காவோட நிப்பேன். ஆனா ஏன்டி, இந்த ஒரு வார்த்தையைச் சொல்றதுக்கா மூணு நாள் என்னை ஆறு தாண்ட வெச்சே?"

எங்கள் கல்லூரியில் ஒரு வகுப்பைப் பதிய ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். அதற்கு முன்னால் ஒரு வாய் திறக்க வேண்டும் பாருங்கள், அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.