வேலை போன கோச்சின் குரல்

பெங்களூரில் கால்பந்து கோச் ஒருவருக்கு வேலை போனால், அதை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். மைதானத்தில் அவர் எங்கே உட்காருகிறார் என்று பார்த்தால் போதும். வேலையில் இருப்பவர்கள் மெயின் ஸ்டாண்டில் உட்காருவார்கள். வேலை போனவர்கள் கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் இருக்கும் கேலரிக்குப் போய்விடுவார்கள். யாரும் போட்ட சட்டமில்லை. ஆனால் வேலை போனவன் மெயின் ஸ்டாண்டில் தலையைக் காட்டினால், கிளப் செக்ரட்டரிகளின் கண்ணில் படத்தான் வந்திருக்கிறான், எவனுடைய இடத்துக்கோ குறி வைக்கிறான் என்று பேச்சு கிளம்பிவிடும். அந்தப் பேச்சுக்குப் பயந்தே பெரிய பெரிய ஆட்களெல்லாம் வலைக்குப் பின்னால் வெயிலில் உட்கார்ந்திருப்பார்கள்.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெயின் ஸ்டாண்டை நோக்கி வேகமாக நடந்துகொண்டிருந்த என்னை என் கணவர் கையைப் பிடித்துக் கோல் போஸ்ட் பக்கம் திருப்பினார். அவருக்கு வேலை போனது எனக்கு அப்படித்தான் தெரிந்தது. எனக்கு வந்த கோபம் வேலை போனதற்காக அல்ல, அதை வீட்டில் சொல்லாமல் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு இருந்ததற்காக. அந்த இடத்திலேயே சண்டை போட்டிருப்பேன். அதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது, சண்டையை ஹாஃப் டைமுக்குத் தள்ளிவைத்தேன்.

நான் ஆஸ்டின் டவுன்காரி. எங்கள் தெருவில் பெண் பிள்ளைகளுக்கும் ஆஃப்சைடு தெரியும். பெண் பார்க்க வந்தபோது, பையன் கால்பந்து ஆடுகிறவன் என்று சொன்னதுமே நான் பாதி சம்மதித்துவிட்டேன். அவர் ஆடி முடித்து, பிறகு கோச் ஆகி, ஒரு முதலாளி சொந்தச் செலவில் நடத்திய தொழில்முறை கிளப்பில் மூன்று வருடம் இருந்தார். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். நான் குரலைத் தாழ்த்திச் சம்பாதித்தேன், அவர் உயர்த்திச் சம்பாதித்தார். குடித்தனம் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

ஹாஃப் டைமில் விஷயத்தைப் பிடுங்கினேன். வரிசையாகச் சில ஆட்டங்கள் தோற்றிருந்தார்கள். அதற்காக வெளியே போகச் சொல்லியிருந்தால் இவர் தாங்கியிருப்பார். கோச் வேலை என்றாலே அப்படித்தான். ஆனால் செக்ரட்டரி இவரைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் முன்னால் வேறு ஒரு காரணம் சொல்லியிருக்கிறார்.

"பசங்க என் பேச்சக் கேக்கறதில்லையாம்," என்றார் இவர். நான் வாங்கிய வேர்க்கடலையைக்கூடத் தொடவில்லை.

அந்தக் கேலரியில் வேலை போன கோச்சுகளின் சபையே கூடும். அடுத்து என்ன வழி என்பதை அங்கேதான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் கோவாவில் ஒரு கிளப்புக்குப் போய், சீசன் முடிவதற்குள் பெட்டியோடு திரும்பியவர். ஒருவர் பிரேசர் டவுன் பள்ளி ஒன்றில் பி.டி. மாஸ்டர், காலையில் பிரேயருக்குப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவதே அவருடைய பெரிய வியூகம். ஒருவர் இன்ஷூரன்ஸ் பிடித்தார், கோல் விழுந்து எல்லோரும் சந்தோஷமாக இருக்கும் நேரம் பார்த்துப் பேச்சைத் தொடங்குவார். இன்னொருவர் மாமனாரின் பிரியாணிக் கடையில் நின்றார், ரைட் விங் மேஜைக்கு ரெண்டு பிளேட் என்று அவர் கத்துவதாக மற்றவர்கள் ஓட்டுவார்கள். என் கணவர் இவர்களில் யாராக ஆகப்போகிறார் என்று நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் அந்தக் குரலை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. பத்துப் பதினோரு பேரை மேய்த்துப் பழகிய தொண்டை சும்மா இருக்குமா? நான் தோசைக்கல்லுக்கும் சட்னி மிக்சிக்கும் நடுவே அல்லாடும்போது, "லெஃப்ட்ல கேப்பு இருக்குது, லெஃப்ட்ல திரும்பு," என்பார். தொம்மலூர் பஸ் ஸ்டாப்பில் ஒருநாள் இரண்டு பஸ்களுக்கு நடுவில் ஓர் ஆட்டோ தயங்கி நின்றதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல், "ஏறு, ஏறு" என்று கத்திவிட்டார். ஆட்டோக்காரர் பாய்ந்து நுழைந்து, அந்தப் பக்கம் போன பிறகு திரும்பிப் பார்த்து, "ஏனு குரு, டிராஃபிக் போலீஸா?" என்று கன்னடத்தில் கேட்டார். பஸ் ஸ்டாப்பே சிரித்தது. இவரும் சிரித்தார், ஆனால் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார்.

"கத்தறதுக்குன்னு ஒரு வேல இருந்துச்சு," என்றார். "இப்போ கத்தினா பைத்தியம்."

அந்த ஏறு என்ற சொல்லைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பின்வரிசையில் நிற்கும் நான்கு பேரும் ஒரே நேரத்தில் முன்னால் ஏற வேண்டும் என்பது இவருடைய ஆட்டத்தின் உயிர். நால்வரும் சேர்ந்து ஏறினால், அவர்களுக்குப் பின்னால் தனியாக நின்றுவிடும் எதிரணிக்காரன் ஆஃப்சைடில் மாட்டுவான், அவனுக்குப் பந்து வந்தாலும் செல்லாது. ஒருத்தன் யோசித்துக்கொண்டு நின்றாலும் கதை கந்தல். அதனால் யோசிக்கவே கூடாது, சொல் காதில் விழுந்ததும் கால் போக வேண்டும் என்பார். தமிழ்ப் பையனுக்கும் கன்னடப் பையனுக்கும் புரிகிற சொல் அது. காலை ஆறு மணிக்கே மைதானத்தில் அதைக் கத்திக் கத்தி அவர்கள் ரத்தத்தில் ஏற்றிவிட்டிருந்தார்.

துபாயிலிருந்த என் அண்ணன்தான் முதலில் ஒரு வழி சொன்னார். அவருடைய கம்பெனியின் குடோனில் சூப்பர்வைசர் வேலை, விசாவும் தயார். இவர் சரி என்றுவிடுவார் போலிருந்தது. ஒரு மனிதனை அவனுக்குத் தெரிந்த ஒரே வேலையிலிருந்து பிடுங்கி அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் நிறுத்துவதா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. சீசன் முடியட்டும், அப்புறம் பதில் சொல்கிறோம் என்று அண்ணனிடம் நானே தவணை வாங்கினேன்.

அப்போதுதான் அந்த சாஃப்ட்வேர்காரர் வந்தார். தொம்மலூரில் புதிதாக எழும்பியிருந்த கண்ணாடிக் கட்டிடம் ஒன்றில் மேனேஜர், கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். டிவியில் உலகக் கோப்பை பார்த்து கால்பந்துப் பித்துப் பிடித்தவர். எங்கள் பகுதிப் பையன்கள் நடத்திவந்த ஒரு சின்ன கிளப்புக்கு, அவருடைய கம்பெனி ஜெர்சியும் பூட்ஸும் வாங்கிக் கொடுத்திருந்தது. லீகின் மேல் டிவிஷனில் கடைசி இடத்தில் தொங்கிக்கொண்டிருந்த கிளப் அது. ஒருவன் எலக்ட்ரீஷியன், ஒருவன் கூரியர் ஆள், மற்றவர்கள் காலேஜ். மீதி ஆட்டங்களுக்கு இவர் கோச்சாக வர வேண்டும், டீம் மேல் டிவிஷனிலேயே தங்கிவிட்டால் கம்பெனியில் நிரந்தர வேலை, கோச் என்றே பதவி என்றார். டீம் கீழே இறங்கிவிட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்டேன்.

"இறங்கிட்டா எங்க டைரக்டர் கிரிக்கெட்டுக்குப் போயிருவாருங்க," என்றார் அவர், பாவம், உண்மையிலேயே வருத்தத்தோடு. கிரிக்கெட் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு வந்த ஆத்திரத்தில் அவருக்குக் காப்பியில் சர்க்கரை போட மறந்துவிட்டேன்.

என் கணவர் மறுநாள் விடியும் முன்பே எழுந்து விசிலைத் தேடினார். அடடா, அந்த வாரங்கள்! வீட்டில் மறுபடியும் ஈர சாக்ஸ் நாற்றம், சாப்பாட்டு மேஜையில் உப்பு டப்பாவும் தம்ளர்களும் பின்வரிசையாக நின்றன. நானும் டியூட்டி மாற்றிக்கொண்டு எல்லா ஆட்டத்துக்கும் ஓடினேன். ஜெயித்தார்கள், தோற்றார்கள், மறுபடி ஜெயித்தார்கள். கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் தங்கலாம், டிரா செய்தாலும் கீழே போக வேண்டும் என்ற இடத்துக்கு வந்து நின்றார்கள். கடைசி ஆட்டம் இவருடைய பழைய கிளப்போடு.

அன்று காலை இவர் இட்லித் தட்டைத் தள்ளிவைத்தார். "தோத்தா துபாய்," என்றார். "ஜெயிச்சா, நான் வளர்த்த பசங்கள நானே தோக்கடிச்ச மாதிரி." முதலில் ஜெயியுங்கள், அப்புறம் உட்கார்ந்து வருத்தப்படலாம் என்று சொல்லி ஸ்கூட்டரில் ஏற்றினேன். அண்ணனுக்கு அன்று ராத்திரி எட்டு மணிக்குப் பதில் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

மைதானத்தில் நான் நேராக மெயின் ஸ்டாண்டுக்குப் போய் நட்ட நடுவில் உட்கார்ந்தேன். இரண்டு வரிசை முன்னால் அந்த செக்ரட்டரி. கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் நம் சபை முழுவதும் வந்திருந்தது, பிரியாணிக் கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார்.

ஆட்டத்தை எப்படிச் சொல்ல? பழைய கிளப் பையன்கள் எங்களைப் பிழிந்து எடுத்தார்கள். பந்து எங்கள் பாதியைவிட்டு நகரவே இல்லை. எங்கள் எலக்ட்ரீஷியன் மூக்கில் வாங்கினான், முட்டியில் வாங்கினான், ஆனால் கோலை விடவில்லை. நான் தொண்டை கிழியக் கத்தினேன். எக்ஸ்சேஞ்சில் மறுநாள் எனக்குக் குரல் இருக்காது என்று தெரிந்தும் கத்தினேன். ஹாஃப் டைம் தாண்டியது, முக்கால் தாண்டியது, இரண்டு பக்கமும் கோல் இல்லை. டிரா என்றால் துபாய்.

கடைசி நிமிடங்களில் அவர்களுக்கு ஒரு கார்னர். பந்து தொங்கி வந்தது, எலக்ட்ரீஷியன் எகிறித் தலையால் முட்டினான், பந்து உயரமாக நடுக்கோட்டை நோக்கிப் போனது. கோட்டோரத்தில் நின்ற என் கணவர், கோல் வாசலில் குவிந்திருந்த எங்கள் பையன்களைப் பார்த்து அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"ஏறு!"

எங்கள் ஆட்கள் ஏறினார்கள். கூடவே, நடுக்கோட்டில் காவலுக்கு நின்ற பழைய கிளப்பின் பின்வரிசைக்காரர்களும் ஏறினார்கள். இவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஒரே அடியாக, கோடு போட்ட மாதிரி எங்கள் பாதிக்குள் ஏறினார்கள். பந்து அவர்கள் தலைக்கு மேல் போய் வெட்டவெளியில் விழுந்தது. எங்கள் கூரியர்காரன் அதுவரை எங்கள் பாதியிலேயே நின்றிருந்தான், சொந்தப் பாதியில் நிற்பவனுக்கு ஆஃப்சைடு கிடையாது. ஓடினான். எதிரே கோல் கீப்பர் மட்டும். நான் பக்கத்திலிருந்த யாரோ ஒருவரின் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தேன். பந்து வலைக்குள் போனதும், வலைக்குப் பின்னால் இருந்த சபை மொத்தமும் எழுந்து ஒருவர் மேல் ஒருவர் விழுந்தது.

செக்ரட்டரி கொதித்தெழுந்து கீழே ஓடினார். நானும் பின்னாலேயே ஓடிக் கயிற்றருகே நின்றேன். தன் ஆட்களை ஏமாற்றத்தான் இந்த ஆள் கத்தினான், இது ஆட்டமல்ல மோசடி, கோல் செல்லாது என்று கூச்சலிட்டார். என் கணவர் வேண்டுமென்று செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும், ஆனால் என் பேச்சை அங்கே யார் கேட்பார்கள்? ரெஃப்ரி கொடி பிடித்தவர்களிடம் போனார், திரும்பி வந்தார், கடைசியில் பழைய கிளப்பின் கேப்டனைக் கூப்பிட்டார். ஒக்கலிபுரத்துப் பையன், அந்தப் பின்வரிசையின் நடுவில் நிற்பவன். அவனுக்குச் சம்பளம் தருகிற செக்ரட்டரி கையெட்டும் தூரத்தில் முறைத்துக்கொண்டு நின்றார். எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

அவர் உங்களைப் பார்த்தா கத்தினார் என்று ரெஃப்ரி கேட்டார்.

"இல்ல சார். அவரு அவங்க ஆளுங்களத்தான் சொன்னாரு," என்றான் அவன். "நாங்கதான் கேட்டுட்டோம்."

எதிரணிக் கோச் சொல்வதை நீங்கள் ஏன் கேட்டீர்கள் என்றார் ரெஃப்ரி.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "மூணு வருசமா கேட்ட குரலு சார். காதுல வுழுந்துச்சு, காலு போயிடுச்சு."

ரெஃப்ரி நடுக்கோட்டைக் காட்டி விசில் ஊதினார். கோல் நின்றது, ஆட்டம் முடிந்தது, ஜெயித்தோம். எங்கள் பையன்கள் குதித்துக்கொண்டிருந்தபோது இவர் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அந்த ஒக்கலிபுரத்துப் பையன் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் செக்ரட்டரியைப் பார்த்தேன், நன்றாகவே பார்த்தேன். அவர் கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்.

சரியாக எட்டு மணிக்கு அண்ணன் போன் செய்தார். எனக்குக் குரல் கட்டிப்போயிருந்தது. இவர் வரவில்லை, இங்கேயே வேலை கிடைத்துவிட்டது என்றேன். அண்ணன் நம்பவில்லை. பந்தை உதைக்கிறதெல்லாம் ஒரு வேலையா, இன்றைக்கு வைத்துக்கொண்டு நாளைக்கு மறுபடி போகச் சொல்வார்கள், அப்புறம் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான், அது எனக்கும் தெரியும். ஆனாலும் எனக்கு அடக்க முடியவில்லை.

"அண்ணா, எதிர் டீம்காரனே இவர் பேச்சக் கேட்டான்," என்றேன். "உன் குடோன்ல இருக்கிற பொட்டிங்க கேக்குமா?"

அண்ணன் சிரித்துவிட்டு, விசாவை வேறு யாருக்காவது கொடுத்துவிடுகிறேன் என்றார்.