டேட்டாவை அணைத்த அக்கா

மலேசியாவில், கிள்ளான் போகும் ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவின் கழுத்தில் தொழிற்சாலை அட்டை தொங்கியது. எங்கள் நிறுவனம் உருவாக்கிய குறிப்புச் செயலியில் தமிழில் வேகமாக எழுதிக்கொண்டிருந்தார். எழுதும் முன் டேட்டாவை அணைத்தார்; முடித்ததும் குறிப்பையே அழித்தார்.

"அந்த ஆப் நாங்க செஞ்சதுதான்கா. ஏன் டேட்டாவ ஆஃப் பண்றீங்க?"

"எழுதுனா வீட்டுல அவரு டேப்லட்டுலயும் வந்துருதுலா, தம்பி. ஒருக்கா படிச்சிட்டாரு. அப்புறம் ரொம்ப நாளு போன் என் கையில இல்ல. இப்ப எழுதிட்டு டிலிட் பண்ணிருவேன். எழுதாம இருக்க முடியல."

நிலையம் வந்தது. டேட்டாவைப் போட்டுக்கொண்டே நிம்மதியாக இறங்கினார். கதவு மூடிய பிறகுதான் எனக்கு உறைத்தது: அழித்த குறிப்பு செயலியின் குப்பைத்தொட்டிக்குப் போகும், டேட்டா வந்ததும் அந்தத் தொட்டி டேப்லட்டிலும் திறக்கும்.

'எழுதியது எதுவும் தொலையாது' என்றுதான் விளம்பரம் செய்கிறோம். அது உண்மைதான்.