பச்சைச் சேலையை வெளுத்த கதை

வெளுத்தல் என்றால் நிறம் நீக்குதல் என்று மூன்றாம் வகுப்பில் தமிழ் டீச்சர் கரும்பலகையில் எழுதிப்போட்டார். அதோடு விடவில்லை. 'வெள்' என்ற வேரிலிருந்து வந்த சொல், வெள்ளை, வெள்ளி, வெளிச்சம் எல்லாம் அதற்குச் சொந்தபந்தம் என்றார். எங்கள் ஊர் நல்லேப்பிள்ளிப் பள்ளிக்கூடத்தில் அன்று அதைப் புரிந்துகொண்டவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டேன். இவ்வளவு நல்ல உறவுக்காரர்கள் உள்ள சொல் யாருக்கும் கெடுதல் செய்யாது என்பது என் முடிவு.

சித்தப்பா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. சித்தி எங்களோடுதான் இருந்தார். எங்கள் சொந்தத்தில் அப்போது புருஷன் போனால் வெள்ளைச் சேலைதான். ஆனால் மத்தியானங்களில் சித்தி பெட்டியைத் திறந்து, கிளிப்பச்சை நூல் சேலை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிறகு பழைய மடிப்பிலேயே மடித்து வைத்துவிடுவார். பிடித்த சேலை, நிறம்தான் தடை என்று எனக்கு விளங்கிவிட்டது. தடையை நீக்க என்னிடம் சொல்லும் இருந்தது, பொருளும் இருந்தது.

பொருள், கிணற்றில் போட்டது போக மீதி என்று, துணியில் பட்டால் வெளுத்துவிடும் எனச் சொல்லிச் சுகாதார நிலையத்து அக்கா விட்டுச்சென்ற ப்ளீச்சிங் பவுடர். சித்தியின் தங்கை கல்யாணத்துக்கு நாலு நாள் இருந்தது. எல்லோரும் களத்தில் நெல் காயவைக்கப் போன நேரம் பார்த்து, வாளித் தண்ணீரில் பவுடரைக் கரைத்துச் சேலையை முக்கினேன். மூக்கு எரிந்தது. பச்சை போய் மஞ்சள் வந்தது, மஞ்சளும் போய்த் திட்டுத் திட்டாக ஓர் அழுக்கு வெள்ளை வந்து நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கொடியில் காயப்போட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

முதலில் பார்த்தவர் பெரியம்மா. "கொளந்தைக்குக்கூட மொறை தெரிஞ்சிருக்குது பாருங்க" என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். பெரியப்பா என் முதுகில் தட்டிக்கொடுத்தார். சித்தி கடைசியாக வந்து, ஈரச் சேலையின் ஓரத்தைக் கையில் பிடித்தபடி கேட்டார்.

"ஆராச்சு செய்யச் சொன்னாங்களா, கண்ணு?"

"இல்லீங் சித்தி. நானேதானுங்க."

அவர் சேலையைக் கொடியில் நேராக இழுத்துவிட்டு உள்ளே போனார். மறுநாள் தையல்கடையிலிருந்து ஒரு ரவிக்கை வந்தது. கல்யாணத்துக்கு உடுத்துவதற்காக, அந்தச் சேலைக்கென்றே சித்தி தைக்கக் கொடுத்திருந்த கிளிப்பச்சை ரவிக்கை. அது போட்டுப் பார்க்காமலே பெட்டிக்குள் போனது. தங்கை கல்யாணத்துக்கு அவர் வெள்ளையில்தான் போய்வந்தார்.

வீட்டுப் பெரியவர்களோடு சண்டை போடச் சித்தி தயாராகத்தான் இருந்திருக்கிறார். என்னோடு எப்படிப் போடுவார்? அன்று அந்தப் பெரியவர்களில் யாரையாவது கைகாட்டிப் பொய்யாவது சொல்லியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதற்கு இருபது வருஷம் ஆயிற்று.