பின்சக்கரத்தில் வைத்த பொட்டு

எங்கள் லேத் பட்டறை திருவொற்றியூரில் இருக்கிறது. அதில் முக்கால்வாசி இடத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு அமெரிக்கா கார் நிற்கும். என் வீட்டுக்காரர் ஏலத்தில் எடுத்தது. எட்டு சிலிண்டர். கிளப்பினால் எதிர்வீட்டு அலமாரியில் தட்டெல்லாம் ஆடும். ஓடுவதில் அதைக் குறை சொல்ல முடியாது. நிற்பதில்தான் சோம்பேறி.

போன மழையில் தெருவெல்லாம் தண்ணீர். பின்சக்கரத்து பிரேக் டிரம்முக்குள்ளும் தண்ணீர் போய்விட்டது. இவர் பிரேக்கை மிதிக்க மிதிக்க அது பாட்டுக்குப் போய், தண்ணி லாரிக்காக வரிசையாக வைத்திருந்த ஏழு குடத்தை நசுக்கிவிட்டு எட்டாவதின்மேல் சாய்ந்து நின்றது. முதல் குடம் எங்கள் மகளுடையது. அவள் அதே தெருவில்தான் குடியிருக்கிறாள்.

"குடம் போனா போவுது நைனா. அந்த எடத்துல ஒரு ஆள் குந்திகினு இருந்தா?" என்று கேட்டாள்.

அவளே தீர்ப்பும் சொன்னாள். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் கார் ஒழுங்காக நிற்க வேண்டும். இல்லாவிட்டால் திங்கட்கிழமை காலையில் சாத்தாங்காட்டிலிருந்து இரும்பு வியாபாரி வந்து எடை போட்டு எடுத்துப்போவார். சொல்லியும் வைத்துவிட்டாளாம். பிடிவாதம் என்னைப் போல.

இரண்டு நாள் இவர் மீன் குழம்பைக்கூட ருசித்துச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், பின்னாடி டிஸ்க் பிரேக் வைத்துவிடலாம் என்றார். டிரம் என்பது மூடி போட்ட சட்டி. உள்ளே போன தண்ணீர் லேசில் வெளியே வராது. டிஸ்க் என்றால் திறந்த தட்டு. அதை இரண்டு பக்கமும் காலிப்பர் பிடிக்கும், நாம் இடுக்கியால் சூடான பாத்திரத்தைப் பிடிப்பது மாதிரி. தட்டு சுற்றும்போதே தண்ணீரை உதறிவிடும்.

எனக்குப் படிப்பு என்றால் கையெழுத்தும் பஸ் நம்பரும்தான். ஆனால் இரும்பில் அரை நூல் கூடினாலும் என் விரலுக்குத் தெரியும். வேறு ஒரு வண்டியின் டிஸ்க்கும் காலிப்பரும் வாங்கி வந்தார். டிஸ்க்கின் நடு ஓட்டை எங்கள் அச்சுக்குச் சின்னது. லேத்தில் மாட்டி நான்தான் கடைந்து பெரிதாக்கினேன். காலிப்பரைத் தாங்க ஒரு பட்டை வேண்டும். அச்சின் முனையில் கிரீஸைத் தடவி, காலண்டர் தாளை அதன்மேல் அழுத்தினேன். போல்ட் ஓட்டைகள் நாலும் அப்படியே தாளில் விழுந்தன. அதை வைத்துக் கனமான தகட்டை வெட்டினோம். இவர் ஸ்கேலோடு வந்து அளந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

வெள்ளிக்கிழமை மாட்ட வேண்டியது. புதுச் சாமான் எதுவும் சாமிக்குக் காட்டாமல் எங்கள் பட்டறையில் வண்டியில் ஏறாது. இடதுக்கு ஒரு சாக்கு, வலதுக்கு ஒரு சாக்கு விரித்து அவர் வைத்திருந்த காலிப்பர் இரண்டையும் தூக்கிக்கொண்டு போய் சாமி படத்துக்கு முன்னால் நிறுத்தினேன். உச்சியில் சந்தனம் வைத்து, குங்குமப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டித் திருப்பிக் கொண்டுவந்து வைத்தேன். அவர் மாட்டினார். போல்ட் எல்லாம் வெண்ணெய் மாதிரி இறங்கியது.

சனிக்கிழமை காலையிலிருந்து காற்று எடுத்தோம். பிரேக் ஆயில் குழாயில் காற்று இருந்தால் பிரேக் பிடிக்காது. அவர் சீட்டில் உட்கார்ந்து மிதிப்பார், நான் சக்கரத்தோரம் உட்கார்ந்து காலிப்பரில் காற்று வெளியேற இருக்கும் நிப்பிளைத் திறந்து மூடுவேன். மிதி, விடு, மிதி, விடு. இரண்டு டப்பா ஆயில் தீர்ந்தது. பெடல் மட்டும் சூடான இட்லியை மிதிக்கிற மாதிரியே இருக்கிறதாம்.

சாயங்காலம் இவர் பெடலிலிருந்து காலை எடுத்துக் கதவுக்கு வெளியே தொங்கப்போட்டார்.

"எனக்குத்தான் வேலை மறந்துபோச்சு மே. இரும்புக்காரன் வந்து எடுத்துகினு போவட்டும்."

முப்பது வருஷத்தில் இந்த மனுஷன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. இன்னொரு தடவை பார்ப்போம் என்று குனியாமலே கையைக் கீழே விட்டு நிப்பிளைத் தடவினேன். விரலில் குங்குமம் ஒட்டிக்கொண்டு வந்தது.

நான் பொட்டு வைத்தது உச்சியில், நிப்பிளுக்குப் பக்கத்தில். உச்சி எப்படிக் கீழே போகும்? காற்று மேலே நிற்கிறது, நிப்பிள் கீழே இருக்கிறது, அப்புறம் எந்த வழியாக வெளியே வரும்? இடது காலிப்பரை வலப்பக்கம் மாட்டினால்தான் இப்படித் தலைகீழாக உட்காரும். இடதை வலது சாக்கிலும் வலதை இடது சாக்கிலும் வைத்த புண்ணியவதி யார் என்று யோசிக்க நேரம் ஆகவில்லை.

சொல்லாமலே விட்டிருக்கலாம். 'மாறிப்போச்சு போல' என்று பொதுவாகச் சொன்னால் போதும், பழியை அவரே தூக்கித் தோளில் போட்டுக்கொள்வார். அப்படிச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் மூஞ்சியைப் பார்த்ததும் வேறு மாதிரி வந்துவிட்டது.

"யோவ், நீ சரியாத்தான் வெச்சிருந்த. பூசை பண்ணி எடுத்தாந்தப்போ நான்தான் மாத்தி வெச்சேன்."

அவர் விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னொரு தபா சொல்லு," என்றார். சொல்லவில்லை. ஸ்பேனரைத்தான் கொடுத்தேன்.

கழற்றி மாற்றிப் போட்டோம். நாலே மிதியில் காற்றெல்லாம் குமிழி குமிழியாக வந்து, பெடல் கல் மாதிரி நின்றது.

ஞாயிற்றுக்கிழமை மகள் ஒரு புதுக் குடத்தை நடுத்தெருவில் வைத்துவிட்டு, பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். போதாக்குறைக்குத் தெருவில் ரெண்டு குடம் தண்ணீரையும் ஊற்றிவிட்டாள். கார் உறுமிக்கொண்டு வந்தது. நின்றது. அவள் குனிந்து பம்பருக்கும் குடத்துக்கும் நடுவில் கையை வைத்துப் பார்த்தாள். முழுசாக ஒரு சாண். "இன்னும் கொஞ்சம் முன்னாடியே நிறுத்தியிருக்கலாம்," என்று முனகிக்கொண்டே வியாபாரிக்கு வரவேண்டாம் என்று போன் போட்டாள்.

நான் தப்பை ஒத்துக்கொண்ட கதையை இவர் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. சொல்லட்டும். பொட்டு வைப்பதை நான் விடவில்லை. ஆனால் இப்போதெல்லாம் ஜோடியாக எதையும் என் கையில் தரமாட்டார். "ஒண்ணு எடுத்துகினு போ. கொண்டாந்து வெச்சிட்டு இன்னொண்ண எடு," என்பார். சாமியும் இரண்டு தடவை கற்பூரம் பார்த்துக்கொள்கிறது.