நாலு பேர் ஆடிய ஆட்டம்

எனக்கு எண்பது வயது. வளர்த்தது ஆறு பிள்ளைகள். பெற்றது ஐந்து, பிறகு மகளின் மகள் ஒன்று. பேத்தியைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று மகள் சொல்வாள். அவளும் மருமகனும் மாறி மாறி வேலைக்கு ஓடிய காலத்தில் அந்தப் பிள்ளைக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டது நான், காய்ச்சல் வந்தால் பக்கத்தில் இருந்தது நான். ஆகவே ஆறுதான். சிறுவயதுக் கதை என்றால் எல்லோரும் தங்களுடையதைத்தான் எழுதுவார்கள். நான் எழுதுவது என் ஆறாவது பிள்ளையின் சிறுவயது.

அப்போது நாங்கள் நாடு விட்டு வந்து மல்வேர்ன் என்ற புறநகரில் இருந்தோம். பேத்திக்குப் பதினாலு வயது. பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் எடுத்து, ஒரு சீனத்தி நடத்திய, காசு கட்டி விளையாடுகிற கொம்பியூட்டர் கடைக்குப் போய்விடுவாள். ஒருநாள் நானும் கூடப் போய்ப் பார்த்தேன். வரிசை வரிசையாகத் திரைகள். காதை மூடிக்கொண்டு சீனப் பிள்ளைகள். ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை, ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். கடைக்காரி எனக்குச் சீனி போடாத தேத்தண்ணி தந்தாள். மரியாதைக்குக் குடித்தேன்.

ஒரு கட்சிக்கு ஐந்து பேர். எதிரியின் கோட்டையை உடைக்கவேண்டும். என் பேத்தியின் கட்சியில் மற்ற நாலு பேரும் சீனப் பிள்ளைகள். கடைக்காரியின் மகன்தான் தலைவன்.

"நீ ஆரைச் சுடுறாய்?" என்று கேட்டேன்.

"நான் ஒருத்தரையும் சுடுறேல்லை, அம்மம்மா. மற்ற நாலு பேருக்கும் காயம் பட்டால் மருந்து போட்டு மாத்துறதுதான் என்ரை வேலை."

"பின்னை உனக்கு ஆர் பரிசு தருவான்?"

"நான் இல்லாட்டி அவைக்கும் பரிசில்லை" என்றாள்.

மே மாதத்தில் ஒரு பெரிய போட்டி வந்தது. நகரத்திலுள்ள சீனக் கடைகளின் கட்சிகள் எல்லாம் மோதும். வென்றவர்களைச் சீனாவுக்கு அனுப்புவார்கள். அங்கே இந்த விளையாட்டைப் பார்க்க மண்டபம் நிறையச் சனம் வருமாம். விளையாடுகிறவர்களிடம் சினிமா நடிகர்களிடம் போலக் கையெழுத்து வாங்குவார்களாம். ஐந்து பேரும் ஒரு வருடமாகப் பழகினார்கள். பேத்தி பாஸ்போர்ட்டுக்குப் படமும் எடுத்து வைத்துவிட்டாள்.

அதே மே மாதத்தில்தான் ஊரில், வன்னியில், போரோடு எல்லாம் முடிந்துகொண்டிருந்தது. மகளும் மருமகனும் வேலை முடிந்ததும் நேரே டவுன்டவுனுக்குப் போய், போரை நிறுத்தச் சொல்லிப் பதாகை பிடித்து நிற்பார்கள். நான் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருப்பேன். போட்டிக்கு முதல் நாள் அழைப்பு வந்தது. என் தம்பி செத்துப்போனான். பதுங்குகுழிக்குள்ளேயே மூடிவிட்டார்களாம்.

அடுத்த நாள் காலை பேத்தி சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"அம்மம்மா, ஒருக்காப் போட்டு வாறன். பின்னேரத்துக்குள்ளை வந்திடுவன்."

"சாவுத் துடக்கு வீட்டிலையிருந்து விளையாடப் போறியோ? சனம் என்ன சொல்லும்?"

"சனத்துக்கு ஆர் சொல்லப்போயினம்? நான் போகாட்டி அவை நாலு பேர்தான், அம்மம்மா."

"எனக்கு இருந்தது ஒரே தம்பி. நீ விளையாட்டுக் கதைக்கிறாய்."

மருமகன் ஏதோ சொல்ல வாய் திறந்தார். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். பேத்தி அழவில்லை. தலைவனுக்குப் போன் எடுத்து இங்கிலிஷில் நாலு வார்த்தை சொன்னாள். பிறகு வந்து என் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். பகல் முழுக்க அந்த இடத்தை விட்டு எழும்பவில்லை.

பின்னேரம் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. நாலு சீனப் பிள்ளைகளும் வாசலில் நின்றார்கள். தலைவன் கையில் ஒரு பெரிய பானை, துணியால் கட்டியிருந்தது. அரிசிக் கஞ்சி. சாவு வீட்டுக்கு மீன், இறைச்சி என்று மச்சம் கொண்டுபோகக்கூடாது என்று தாய் சொல்லி, இஞ்சியும் காளானும் மட்டும் போட்டுக் காய்ச்சி அனுப்பினாளாம். நாங்கள் அடுப்பு மூட்டவில்லை என்று அவளுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. பிள்ளைகள் சப்பாத்தைக் கழற்றி வைத்தார்கள். தம்பியின் படத்துக்கு முன்னால் வரிசையாக நின்று மூன்று தரம் குனிந்து கும்பிட்டார்கள். தம்பியைக் கண்டறியாத பிள்ளைகள்.

"வெண்டிட்டாங்களோ, கேள்" என்று பேத்தியிடம் சொன்னேன்.

அவள் கேட்டாள். தலைவன் சிரித்துக்கொண்டு ஏதோ நீளமாகச் சொன்னான். அவள் ஒரு கோப்பை எடுத்துக் கஞ்சி வார்த்தாள்.

"தோத்துப்போச்சினமாம்" என்றாள்.

"அவ்வளவு நீளமாச் சொன்னான், நீ ஒரு சொல்லிலை முடிக்கிறாய்?"

"அவ்வளவுதான், அம்மம்மா. கஞ்சி ஆறுது, குடியுங்கோ."

இரண்டு கோப்பை குடித்தேன். தம்பியின் செய்தி வந்த பிறகு தொண்டைக்குள் இறங்கிய முதல் சாப்பாடு அது.

போன கோடையில் அந்தத் தலைவன் தன் மகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். இத்தனை வருடத்தில் எனக்கும் கொஞ்சம் இங்கிலிஷ் பிடிபட்டுவிட்டது. அவன் தன் மகளுக்கு என் பேத்தியைக் காட்டிக் கதை சொன்னான். அன்றைக்கு அவளுக்குப் பதிலாக விளையாட இன்னொருவன் ஆயத்தமாக நின்றானாம். போட்டி நடத்தியவர்களும் சம்மதித்தார்களாம். இவர்கள்தான் வேண்டாம் என்றார்களாம். சாவு வீட்டில் இருக்கிறவளின் இடத்தில் இன்னொருவனை இருத்தக்கூடாது என்று சொல்லி, அவளுடைய கதிரையை வெறுமையாக விட்டு, நாலு பேராக ஐந்து பேரோடு ஆடினார்களாம். காயம் மாற்ற ஆளில்லாமல் அரை மணித்தியாலத்தில் கோட்டை போய்விட்டது. சீனாவும் போய்விட்டது. சொல்லிவிட்டு, அன்று வாசலில் சிரித்தது போலவே சிரித்தான்.

அவன் அன்று நீளமாகச் சொன்னது இதைத்தான். எனக்கு நோகக்கூடாது என்று பேத்தி அதை ஒரு சொல்லில் முடித்தாள். அந்த வீட்டில் அன்று ஒன்றும் விளங்காத சின்னப்பிள்ளை நான்தான்.

இன்னொன்றும் எழுதவேண்டும். கலியாணம் கட்டிப் போனவளுக்குத் தம்பியின் துடக்கு மூன்று நாள். மகளின் மகளுக்குத் துடக்கே இல்லை. மருமகன் வாய் திறந்தது அதைச் சொல்லத்தான். எனக்கும் தெரியும். தம்பி போன அன்று இந்தப் பிள்ளையும் வீட்டில் இல்லாவிட்டால் தனித்துவிடுவேன் என்று பயந்தேன். பயம் என்று சொல்ல வெட்கப்பட்டுத் துடக்கு என்று சொன்னேன்.

அந்த நாலு பிள்ளைகளும் கஞ்சி காய்ச்சிய தாயும் நல்லாயிருக்கவேண்டும். இவ்வளவு காலமும் அவர்களுக்கு ஒரு நன்றி சொல்லவில்லை.

என்ரை ஆறாவது பிள்ளை, இஞ்சை வா. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இதை எனக்குச் சத்தமாய் ஒருக்கா வாசிச்சுக் காட்டு. கடைசியிலை துடக்கைப் பற்றி எழுதின இடம் வந்தால் என்ரை முகத்தைப் பாராமல் வாசி.