எழுதாமல் விட்ட விடைகள்

அந்தப் பரீட்சையில் ஒலிப்பதிவை ஒரே ஒரு முறைதான் போடுவார்கள். வாசிக்கும் பகுதியில் திரும்பப் படித்துக்கொள்ளலாம், எழுதும் பகுதியில் அடித்துத் திருத்திக்கொள்ளலாம். கேட்கும் பகுதியில் மட்டும் காதில் விழாமல் போனது போனதுதான்.

வெளிநாட்டில் நர்ஸ் வேலைக்குப் போகிறவர்கள் எழுதும் உயர்நிலை ஆங்கிலத் தேர்வு அது. டாக்டரும் நோயாளியும் பேசிக்கொள்வார்கள். கேட்டுக்கொண்டே தாளில் காலியாக இருக்கும் இடங்களை நாம் நிரப்ப வேண்டும். வலி எந்தப் பக்கம், எப்போது ஆரம்பித்தது, எந்த மாத்திரையை எதனால் நிறுத்தினார். திண்டிவனத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இதே கேள்விகளை நோயாளிகளிடம் தமிழில் கேட்டு, பதில்களை கேஸ் ஷீட்டில் எழுதுவதுதான் என் தினசரி வேலை. ஆனாலும் ஹெட்போனை மாட்டியதும் என் கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும். ஒரு வார்த்தை தவறினால் அது என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே நிற்பேன். அதற்குள் அடுத்த இரண்டு மூன்று கேள்விகளும் போயிருக்கும்.

எதற்காகப் போக வேண்டும் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் ஒழுங்காகச் சொல்லியிருக்க மாட்டேன். சம்பளம் என்று சொல்லலாம், அது பாதிக் காரணம்தான். எனக்கு முப்பது வயதாகியிருந்தது. கிளியனூர் பக்கம் எங்கள் ஊரிலிருந்து திண்டிவனத்துக்கு அதே பஸ், அதே வார்டு, சாயங்காலம் வீடு திரும்பினால் அம்மாவின் கையில் புதிதாக ஒரு ஜாதகம். உட்கார்ந்தால் எழுந்து நிற்கத் தோன்றும், நின்றால் எங்காவது போகத் தோன்றும். வீட்டில் உண்மையைச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் பதவி உயர்வுக்கு ஒரு பரீட்சை எழுதுகிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன்.

பயிற்சி வகுப்பு விழுப்புரத்தில், புது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு செல்போன் கடையின் மாடியில் நடந்தது. சனிக்கிழமைகளில் போவேன். வந்தவர்கள் பெரும்பாலும் நர்ஸுகள். மாஸ்டர் ஒரு ஸ்பீக்கரில் பதிவைப் போடுவார். கீழே கடைக்காரர் தன் ஸ்பீக்கரில் வேறொன்றைப் போடுவார்.

ஒருநாள் ஒரு பாட்டியம்மாவின் பேச்சு ஓடியது. வார்த்தைகளை மென்று விழுங்கும் உச்சரிப்பு. அவர் மாத்திரை சாப்பிடுகிறாரா என்பது கேள்வி. எல்லோரும் "ஒழுங்காகச் சாப்பிடுகிறார்" என்று குறித்திருந்தோம். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அந்தம்மா சாப்புடறதில்ல சார். மக பக்கத்துல இருக்கறதால சாப்புடறேன்னு சொல்றாங்க."

மாஸ்டர் மறுபடி போட்டார். நடுவில் மகள் தொண்டையைக் கனைப்பதும் பாட்டியின் பேச்சு ஒரு நொடி நிற்பதும் அப்போதுதான் எங்களுக்குக் கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். சாம்பல் நிறப் புடவையில் ஒரு கன்னியாஸ்திரீ உட்கார்ந்திருந்தார். என்னைவிட ஒன்றிரண்டு வயது இளையவராக இருப்பார்.

அவரும் திண்டிவனத்திலிருந்துதான் வருகிறார் என்று திரும்பும் பஸ்ஸில் தெரிந்தது. முகையூர் பக்கம் ஒரு கிராமத்தில், அவர்கள் சபையின் மருந்தகத்தில் நர்ஸாக இருந்தவர். சபைக்கு அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லம் உண்டு. அங்கே பார்த்துக்கொண்டிருந்த கன்னியர்களுக்கே வயதாகிவிட்டதால், மடத்துத் தலைவியான மதர் இவரை அனுப்ப முடிவு செய்து, பரீட்சை முடியும்வரை திண்டிவனம் மடத்தில் தங்கச் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரியில் எல்லோரும் என்னை சிஸ்டர் என்பார்கள். அவரையும் ஊரே சிஸ்டர் என்றது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் சிஸ்டர் என்றே கூப்பிட்டுக்கொண்டோம். பக்கத்து சீட்டில் இருப்பவர்கள் குழம்பிப் பார்ப்பார்கள்.

பகல் டியூட்டி முடிந்ததும் மடத்துக்குப் போக ஆரம்பித்தேன். வாசலை ஒட்டிய விருந்தினர் அறையில் ஒரு மேசையும் நாலு நாற்காலிகளும் இருந்தன. எங்கள் இருவருக்கும் தெரிந்த இடங்களில் அதைவிட அமைதியான இடம் இல்லை. ஒரே போனில் பதிவைப் போட்டு இருவரும் எழுதுவோம். பிறகு தாளை மாற்றிக்கொண்டு திருத்துவோம்.

என் கால் மேசையின் காலில் இடித்துக்கொண்டே இருக்கும். அவர் தன் கையை என் முழங்காலில் வைத்து அமுக்குவார். பதிவு முடிந்ததும், "போன கேள்வியிலயே நின்னுக்கினு இருந்தா எப்படி சிஸ்டர்? வண்டி போய்க்கினே இருக்குது, நீங்க ஜல்தியா ஏறுங்க" என்பார்.

"விட்டத நெனைக்காம இருக்க முடியல சிஸ்டர்."

"நெனைங்க. வீட்டுக்குப் போய் நெனைங்க."

என் மதிப்பெண் மெல்ல ஏறியது. அவருடையது ஏறவில்லை. தேர்ச்சிக்கு வேண்டியதற்குச் சற்றுக் கீழே வந்து ஒவ்வொரு முறையும் நின்றுவிடும். தாளைத் திருத்தும்போது எனக்கு ஒரு விஷயம் உறுத்த ஆரம்பித்தது. பேசுகிறவரின் மனநிலை என்ன, டாக்டர் எதைச் சொல்லத் தயங்குகிறார் என்பது போன்ற, நான் திணறும் கேள்விகளுக்கு எல்லாம் அவர் பதில் சரி. எந்தக் கை, எத்தனை மாத்திரை என்ற எளிய இடங்கள் காலி. முதலில் அசதி என்று நினைத்தேன். ஆனால் எல்லாத் தாளிலும் அப்படியே இருந்தது.

ஒரு சாயங்காலம், "பேனாவ வச்சிடுங்க சிஸ்டர். கேட்டுட்டு வாயால சொல்லுங்க" என்றேன்.

அவருக்கு அது பிடிக்கவில்லை. இருந்தாலும் பதிவை ஓடவிட்டேன். முடிந்ததும் முதலிலிருந்து தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். நோயாளி லாரி ஓட்டுகிறவர், விழுந்தது படியில், அடி இடது தோளில், ஊசி போட்டது காலையில், இரண்டாவது மாத்திரை வயிற்றைப் புரட்டியதால் நிறுத்திவிட்டார். ஒன்றுகூட விடவில்லை. அந்த ஆள் பேச்சை இழுக்கும் விதத்தைக்கூட அப்படியே இழுத்துக் காட்டினார். காட்டிய பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"இத்தன நாளா வேணும்னேதான் உட்டீங்களா?"

அவர் விரித்திருந்த தாளை மடித்தார்.

"எனக்கு அங்க போவப் புடிக்கல சிஸ்டர்."

பிறகு அவர் சொன்னது இது. கன்னியாஸ்திரீ பயிற்சிக்காகப் பெங்களூரில் இருந்தபோது, படுத்த படுக்கையாக இருந்த ஒரு வயதான அயர்லாந்து சிஸ்டரைப் பார்த்துக்கொள்ளும் வேலையை இவருக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த அம்மா இந்தியாவுக்கு வந்து ஒரு ஆயுள் காலம் ஆகியிருந்தது. நன்றாகத் தமிழும் கன்னடமும் பேசுவாராம். கடைசி மாதங்களில் இரண்டும் மறந்துபோய், தன் ஊர்ப் பேச்சில் தன் தெருவைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தாராம். ரொட்டிக் கடை எந்த மூலையில் இருந்தது, யார் வீட்டு நாய் யாரைத் துரத்தியது என்று. மற்றவர்களுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. இவர் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுப் புரிந்துகொண்டிருக்கிறார்.

"எனக்கு இங்கிலீஷ் அப்படித்தான் வந்துச்சு. நானும் அங்க போய் வயசாகி, எங்க ஊரு ஏரியப் பத்தியும் எங்கம்மா கேப்பைக் கூழ் ஊத்தறதப் பத்தியும் பேசிக்கினு கெடப்பேன். யாருக்குப் புரியும்? சொல்லுங்க."

"அத மதர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"கீழ்ப்படியறேன்னு வார்த்தை குடுத்திருக்கேன் சிஸ்டர். போன்னு சொன்னா போவணும். ஃபெயிலானா போவ வேணாம்."

எனக்குக் கோபம் வந்தது. இரக்கம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அந்தக் காது எனக்கு இருந்தால் என்றைக்கோ விமானம் ஏறியிருப்பேன். ராத்திரியெல்லாம் தூக்கம் வராமல் நான் துரத்திக்கொண்டிருந்த ஒன்று இவர் கையில் சும்மா கிடந்தது.

"நான் முட்டி மோதிக்கினு இருக்கேன். நீங்க தெரிஞ்சதையே எழுதாம உட்டுக்கினு, எங்கிட்ட தாளக் குடுத்துத் திருத்தச் சொல்றீங்க. வேணாம்னு ஒரு வார்த்தை வாயத் தொறந்து சொன்னா இன்னா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. "நீங்க உங்க வீட்ல சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார்.

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வழக்கமாக மடத்திலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஷேர் ஆட்டோவில் போவேன். அன்று நடந்தே போனேன். ஒரு பஸ்ஸை விட்டேன், அடுத்ததில் ஏறிப் பாதியில் இறங்கிவிடலாமா என்று இருந்தது. அந்த வாரம் முழுக்க மடத்துப் பக்கம் போகவில்லை. வார்டில் ஊசி மருந்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, எதற்கு எடுத்தேன் என்று நின்றேன்.

வெள்ளிக்கிழமை அம்மா, ஞாயிற்றுக்கிழமை கண்டமங்கலத்திலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்றாள். மாப்பிள்ளைக்குப் பாண்டிச்சேரியில் கம்பெனி வேலை. நான் கொல்லைப் பக்கம் போனேன். அப்பா பிடுங்கிய மல்லாட்டைச் செடிகளைக் குவித்துப்போட்டு, கடலைக் காய்களை ஆய்ந்துகொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஆய ஆரம்பித்தேன். கை ஓடிக்கொண்டிருந்ததால் பேச முடிந்தது.

"அப்பா, நான் எழுதற பரீட்சை ப்ரமோஷனுக்கு இல்லப்பா. ஃபாரின் போறதுக்கு."

அவர் அடுத்த செடியை எடுத்தார். "எத்தினி வருஷத்துக்கு?"

"தெரியலப்பா."

"தெரியாமயே போறியா?"

"இங்க இருக்க முடியலப்பா. உங்க மேல கோவம்லாம் இல்ல. சும்மா இருக்கவே முடியல."

அவர் ஒரு செடியை உதறி வேரிலிருந்த மண்ணைத் தட்டினார். திட்டினால் பதில் சொல்ல எனக்குள் வார்த்தைகள் தயாராக இருந்தன. அவர் திட்டவில்லை. "சின்ன வயசுலயே நீ ஒரு எடத்துல குந்த மாட்ட" என்றார். பிறகு, "ஞாயித்துக்கெழம வர்றவங்களுக்கு நீயே போன் பண்ணி சொல்லிடு. என்னால முடியாது" என்றார்.

பண்ணினேன். மாப்பிள்ளையின் அம்மா எடுத்தார். நான் திக்கித் திணறி விஷயத்தைச் சொல்லி முடித்ததும், "அதுக்கின்னாம்மா, போறதுக்கு முன்னாடி கல்யாணத்த முடிச்சிடலாம், ரெண்டு பேருமா போங்க" என்றார். அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். அதற்கும் வேண்டாம் என்று சொல்ல, முதலில் சொன்னதைவிட அதிகத் தைரியம் வேண்டியிருந்தது. அம்மா என்னோடு பேசாமல் இருந்தாள். சோறு மட்டும் போட்டாள்.

திங்கட்கிழமை மடத்துக்குப் போனேன். சிஸ்டர் கண்கள் வீங்கி உட்கார்ந்திருந்தார். அவரும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், போக விருப்பமில்லை என்று மதரிடம் சொல்லிவிட்டிருந்தார்.

"இன்னா சொன்னாங்க?"

"'சரிம்மா, வேற யாரையாவது பாக்கறேன்'னாங்க. அவ்ளோதான். காபி குடிச்சிக்கினே சொன்னாங்க."

"நல்லதுதானே சிஸ்டர்? அதுக்கு ஏன் அழறீங்க?"

"இன்னா நல்லது? மாசக்கணக்கா தூக்கமில்லாம, பொய்யா எழுதி, ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்றப்போ கூட சொல்ல முடியாம கெடந்தேன். ஒரு வார்த்தைதானா? ஏன்னுகூட கேக்கல சிஸ்டர்!"

இது இப்படி ஒரு பேஜாராக முடியும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முறைத்தார், பிறகு அவரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார். பரீட்சைக்குப் பதிவு செய்தாகிவிட்டதால் எழுதிவிட்டு மருந்தகத்துக்குத் திரும்பலாம் என்று மதர் சொல்லியிருந்தார். எஞ்சிய வாரங்கள் இருவரும் ஒழுங்காகப் படித்தோம். அவர் ஒரு இடத்தையும் காலியாக விடவில்லை. திருத்தத் திருத்த எனக்குப் பொறாமை வந்தது. மறைக்கவும் முயலவில்லை.

சென்னைக்குச் சேர்ந்தே போய் எழுதினோம். முடிவு வந்தபோது அவர் எல்லாப் பகுதியிலும் உயர்ந்த தரத்தில் தேறியிருந்தார். நான் கேட்கும் பகுதியில் கொஞ்சத்தில் விட்டிருந்தேன். வாசிப்பு, எழுத்து, பேச்சு என மற்ற மூன்றிலும் தேறியும் பயனில்லை. போனில் சொன்னபோது அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "எந்தக் கேள்வியில நின்னீங்க?" என்று மட்டும் கேட்டார்.

முகையூர் பக்கம் திரும்பிய பிறகு தினமும் எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். நோயாளி போலவும் டாக்டர் போலவும் தானே மாறி மாறி ஆங்கிலத்தில் பேசி, கடைசியில் கேள்வி கேட்பார். நடுவில் யாராவது இருமுவார்கள், கோழி கத்தும், "சிஸ்டர், டோக்கன் எங்க?" என்று ஒரு குரல் கேட்கும். அதையெல்லாம் தாண்டிக் கேட்டுப் பழகினேன். பஸ்ஸில் நின்றுகொண்டே, திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே வண்டி நெரிசலில் நிற்கும்போதெல்லாம் கேட்டேன். ஒரே ஒரு முறைதான் போட்டுக் கேட்க வேண்டும் என்று கட்டளை. சில நாள் மீறினேன். இரண்டாம் முறை எழுதியபோது தேறினேன். மதிப்பெண்ணைப் பார்த்ததும் குதிக்கத் தோன்றவில்லை, அடுத்து என்ன என்றுதான் மனம் தேடியது.

இப்போது வெளிநாட்டு ஆஸ்பத்திரியின் நேர்முகத் தேர்வு முடிந்துவிட்டது. விசா வர வேண்டும். ஆஸ்பத்திரியில் வேலையை விட்டாயிற்று. அம்மா பேச ஆரம்பித்துவிட்டாள், பேச்செல்லாம் ஊறுகாயைப் பற்றித்தான். அப்பா தினமும் காலையில், "வந்துச்சா?" என்று மட்டும் கேட்கிறார்.

போன வாரம் முகையூர் போயிருந்தேன். மருந்தகத்தில் கூட்டம். சிஸ்டர் ஒரு கிழவரின் காலில் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். கிழவர் மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுவதாகச் சத்தியம் செய்தார். சிஸ்டர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். கூட்டம் குறைந்ததும் டீ குடித்தோம்.

"அங்க போய்ப் புடிக்கலன்னா?" என்று கேட்டார்.

"வந்துடுவேன்."

"எங்கிட்ட மொதல்ல சொல்லுங்க."

"போவறதுக்கு முன்னாடியே புடிக்கலன்னு சொல்லணும்போல இருக்குது சிஸ்டர். அப்புறம் போவணும்போலயும் இருக்குது."

அவர் சிரித்துக்கொண்டே கோப்பைகளைக் கழுவ எடுத்துப் போனார். விழுப்புரம் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஆனாலும் உட்கார முடியவில்லை. ஒரு அம்மாவுக்கு இடத்தைக் கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தேன். மெயில் ஏதாவது வந்திருக்கிறதா என்று போனை எடுத்துப் பார்த்தேன். வரவில்லை. பையில் போட்டேன். மறுபடி எடுத்தேன்.